அயோவா சாலையோரத்தில் பிரெய்ரி வளர்ப்பது: விதைப்பு முதல் எரிப்பு வரை

ஒரு காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் பெரும்பகுதியை மூடியிருந்த உயரப்புல் பிரெய்ரியில், அதாவது இயற்கைப் புல்வெளியில், இன்று மிஞ்சியிருப்பது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும். உழவு தொடாத மண் என்று தேடினால் பழைய கல்லறைத் தோட்டங்கள், ரயில் பாதை ஓரங்கள், அப்புறம் சாலையோரங்கள்தான் அகப்படும். கவுண்டிச் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சாலையின் எல்லை நிலம், அதாவது சாலைக்கென ஒதுக்கிய நிலம், பொதுவாக 66 அடி அகலம். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 33 அடி. அதில் சாலை போக மிச்சமிருக்கும் இரண்டு பட்டைகளைப் பார்த்துக்கொள்வதே சாலையோரத் தாவர மேலாளரின் வேலை. கவுண்டியைப் பொறுத்து இவர் சாலைப் பொறியாளர் அலுவலகத்திலோ இயற்கைப் பாதுகாப்பு வாரியத்திலோ இருப்பார். பல இடங்களில் களைக் கட்டுப்பாட்டு ஆணையர் பொறுப்பும் அவர் தலையில்தான் விழும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: இது முதலில் சாலை, அதன் பிறகுதான் பிரெய்ரி. தண்ணீர் வடிய வேண்டும், சரிவு அரிக்கக்கூடாது, சந்திப்புகளில் எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும், தடம் மாறி இறங்கும் வண்டி மரத்தில் மோதக்கூடாது. நாட்டுப் புல்லும் பூச்செடியும் இந்த நான்கையும் செய்துகொடுப்பதால்தான் கவுண்டிகள் அதற்குப் பணம் கொடுக்கின்றன. பட்டாம்பூச்சி கூடுதல் லாபம். கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவிடம் பட்ஜெட் கேட்கப் போகும்போது இந்த வரிசையில் பேசினால் காரியம் நடக்கும்.

நிலத்தைப் படிப்பது

ஒரு சாலையோரத்தை மூன்று துண்டுகளாகப் பாருங்கள். சாலைப் பக்கச் சரிவில் ஜல்லியும் குளிர்கால உப்பும் சேரும், வண்டிகளும் அடிக்கடி இறங்கும். அங்கே சைடோட்ஸ் கிராமா, லிட்டில் புளூஸ்டெம் போன்ற குட்டைப் புற்கள் தாக்குப்பிடிக்கும். பள்ளத்தின் அடியில் தண்ணீர் நிற்கும், வண்டல் படியும். அங்கே வர்ஜீனியா வைல்ட்ரை, கோரை இனங்கள், சதுப்பு மில்க்வீட். வயல் பக்கச் சரிவில்தான் யாரும் கால் வைப்பதில்லை. பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், வைல்ட் பெர்கமாட், கம்பஸ் செடி என்று முழுப் பிரெய்ரியும் அமையக்கூடிய இடம் அது ஒன்றுதான். விலை கூடிய விதையைப் பள்ளத்தின் அடியில் கொட்டினால், அடுத்த முறை வண்டல் வாரும் எந்திரம் அதை அப்படியே அள்ளிக்கொண்டு போகும்.

எதையும் தெளிக்கவோ தோண்டவோ போகுமுன், பழைய பிரெய்ரி அங்கே ஒளிந்திருக்கிறதா என்று நடந்து பாருங்கள். லெட்பிளான்ட், பிரெய்ரி டிராப்சீட், ஹோரி புக்கூன் ஆகிய மூன்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த மண் உழப்படாததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஜூன் கடைசியில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை நடந்தால் போதும். கண்டதை ஜிபிஎஸ்ஸில் குறித்து, அந்த வரைபடத்தைத் தெளிப்பு ஆட்களிடமும் பள்ளம் வாரும் ஆட்களிடமும் கொடுத்துவிட வேண்டும். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் வரைபடம் ஒரு செடியையும் காப்பாற்றாது.

விதைப் பட்டியலும் கணக்கும்

விதைக் கலவையைப் பவுண்டில் யோசிப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சதுர அடிக்கு எத்தனை விதை விழுகிறது என்றுதான் கணக்குப் போட வேண்டும். சமதளத்துக்கு 40 முதல் 60, செங்குத்தான சரிவுக்கு 60 முதல் 80. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே சதுர அடிக்கு 50 என்றால் ஏக்கருக்கு 21 லட்சத்து 78 ஆயிரம் விதை.

இதை இனம் இனமாகப் பிரிக்கும்போதுதான் விசித்திரம் தெரியும். பிக் புளூஸ்டெம் ஒரு அவுன்சுக்குச் சுமார் 10,000 விதை. சதுர அடிக்கு நான்கு வேண்டுமென்றால் ஏக்கருக்குப் பதினேழரை அவுன்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். பிளாக்-ஐட் சூசனோ அவுன்சுக்குச் சுமார் 92,000; ஒரே ஒரு அவுன்ஸ் போட்டாலே சதுர அடிக்கு இரண்டு விழுந்துவிடும். கம்பஸ் செடி அவுன்சுக்கு 660தான். நான்கு அவுன்ஸ் வாங்கினாலும் பதினாறு சதுர அடிக்கு ஒன்றுதான் கிடைக்கும். அதன் விலைக்கு அதுவே போதும். ஒவ்வொரு கம்பஸ் செடியும் பல பத்தாண்டுகள் நிற்கும்.

ஸ்விட்ச்கிராஸில் கை தாராளமாகிவிடக்கூடாது. விலை குறைவு, எளிதில் முளைக்கும். அதனாலேயே பத்து வருடத்தில் பூச்செடிகளையெல்லாம் விழுங்கிவிடும். சதுர அடிக்கு அரை விதை, அதிகம் போனால் ஒன்று. பூச்செடி விதைகள் மொத்த எண்ணிக்கையில் பாதியாவது இருக்கட்டும். புல் மட்டும் விதைத்த இடத்தில் பின்னால் பூச்செடியை நுழைப்பது பெரும்பாடு.

விதை வாங்கும்போது மூட்டை எடையைப் பார்க்காதீர்கள், உயிருள்ள தூய விதையின் எடையைப் பாருங்கள். சீட்டில் தூய்மை 95 சதவீதம், முளைப்பு 40, உறக்க விதை (உயிர் இருந்தும் உடனே முளைக்காதது) 45 என்றிருந்தால், முளைப்பையும் உறக்கத்தையும் கூட்டி 85; 0.95 பெருக்கல் 0.85, அதாவது சுமார் 81 சதவீதம். பத்து பவுண்ட் உயிருள்ள விதை வேண்டுமானால் மூட்டையில் சுமார் பன்னிரண்டரை பவுண்ட் அளக்க வேண்டும். விலையையும் இந்தக் கணக்கில் ஒப்பிட்டால், மலிவு என்று நினைத்த விதை பல நேரம் மலிவாக இருக்காது.

அயோவாவில் மஞ்சள் சீட்டு விதை கிடைக்கிறது. மாநிலத்துக்குள்ளேயே இயற்கையாக வளர்ந்த செடிகளின் வழிவந்தது என்று பயிர் மேம்பாட்டுச் சங்கம் சான்றளித்தது அது. வடக்கு, நடு, தெற்கு என்று மண்டலமாகவும் பிரித்திருக்கிறார்கள். சீடர் ஃபால்ஸில் வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தின் டால்கிராஸ் பிரெய்ரி மையம் கவுண்டித் திட்டங்களுக்கு விதையும் பயிற்சியும் கொடுக்கிறது. எந்திரம், கணக்கெடுப்பு போன்றவற்றுக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையின் லிவிங் ரோட்வே அறக்கட்டளை நிதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கவுண்டியிடம் எழுதி ஒப்புக்கொள்ளப்பட்ட ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும். ஆகவே வேலையில் சேர்ந்ததும் அந்த ஆவணம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: 2016இல் பாமர் அமராந்த் என்ற முரட்டுக் கீரைக் களை, வெளி மாநிலத்திலிருந்து வந்த இயற்கைப் பாதுகாப்பு நடவுக்கான விதைக் கலவைகளோடு அயோவா வயல்களுக்குள் புகுந்தது. விதையில் அமராந்த் இனம் எது தென்பட்டாலும் மரபணுப் பரிசோதனைச் சான்று இல்லாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

மண்ணும் விதைப்பும்

ஸ்மூத் புரோம் புல் படர்ந்த சரிவை மாற்ற வேண்டுமானால் உழவே கூடாது. உழுதால் சரிவு அரிக்கும். புதைந்து கிடக்கும் களை விதைக்கும் வெளிச்சம் கிடைத்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் வெட்டிவிட்டு, 8 முதல் 10 அங்குலம் பச்சையாகத் தளிர்த்ததும் இலையுதிர் காலத்தில் கிளைஃபோசேட் களைக்கொல்லி. வசந்தத்தில் மீண்டும் பச்சை தெரிந்தால் இன்னொரு முறை. செத்த புல்லின் மேலேயே, உழாமல் விதைக்கும் டிரில்லை ஓட்டுங்கள். ஒரே தெளிப்போடு நிறுத்தியவர்களின் நிலத்தில் மூன்றாம் வருடம் புரோம் மறுபடி ராஜாவாக நிற்கும்.

பள்ளம் வாரிய புது மண் வேறு கதை. எந்திரம் ஏறி இறங்கி இறுகிப்போயிருந்தால் மேலாகக் கீறிவிட்டு, பிறகு உருளையால் அமுக்குங்கள். நடந்தால் காலடி அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக்கூடாது. இறங்கினால் விதை ஆழமாகப் போய்விடும். பிரெய்ரி விதைக்கு எட்டில் ஒரு பங்கு முதல் கால் அங்குல ஆழம் போதும். டிரில் ஓடிய தடத்தில் சில விதைகள் மேலே கண்ணுக்குத் தெரிவதுதான் சரியான அடையாளம். ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் ஆழத்தைக் குறைத்துவிட்டு மேலே ஓட்டுங்கள். பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும் புல் விதைக்கும் வழுக்கும் சின்ன விதைக்கும் டிரில்லில் தனித்தனிப் பெட்டி உண்டு. மாற்றிப் போட்டால் புல் விதை வழியில் அடைத்துக்கொண்டு, அரை மைல் தூரத்துக்கு ஒன்றுமே விழாமல் போய்விடும். நூறு அடிக்கொரு முறை இறங்கிக் குழாய்களைத் தட்டிப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

டிரில் ஏறாத செங்குத்துச் சரிவில் ஹைட்ரோசீடர், அதாவது விதையைத் தண்ணீரோடு கலந்து பீய்ச்சும் எந்திரம். இங்கே ஒரே நுணுக்கம், இரண்டு தடவையாகத் தெளிப்பது. முதல் தொட்டியில் விதையும் தண்ணீரும், எங்கே விழுந்தது என்று நிறம் தெரியும் அளவுக்கு மட்டும் மரநார் மூடாக்கும். அடுத்த தொட்டியில் முழு மூடாக்கு: ஏக்கருக்கு 2,000 பவுண்ட், சரிவு கூடினால் 3,000 வரை, கூடவே ஒட்டுப்பொருள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அடித்தால் பாதி விதை மண்ணைத் தொடாமல் நாரிலேயே தொங்கி, முளைத்த கையோடு காய்ந்து சாகும். விதையைத் தொட்டியில் போட்ட பிறகு ஊறவிடாதீர்கள். பம்பு அதைச் சுற்றிச் சுற்றி நசுக்கும். விதை போட்டால் உடனே காலி செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3க்கு 1 சரிவுக்கு (மூன்றடி தூரத்துக்கு ஓரடி இறக்கம்) மேல் போனால் மூடாக்கு மட்டும் நிற்காது. விதைத்த மேலே அரிப்புத் தடுப்புப் பாய் விரித்துக் கம்பி அடிக்க வேண்டும். அதில் பிளாஸ்டிக் வலை வேண்டாம். பாம்பு சிக்கிச் சாகும், பின்னால் புல்வெட்டியின் தண்டிலும் சுற்றிக்கொள்ளும்.

கையால் வீசுவதானால் விதையை ஈரமான மரத்தூளோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்காகவும் வீசுங்கள். காலம் இரண்டு: ஏப்ரல் முதல் ஜூன் வரை, அல்லது நவம்பர் நடுவில் மண் குளிர்ந்த பிறகு. குளிர்கால விதைப்பு பூச்செடிகளுக்கு நல்லது. குளிரில் ஊறினால்தான் அவற்றில் பலவற்றுக்கு உறக்கம் கலையும். புல் விதையில் மட்டும் கொஞ்சம் நஷ்டமாகும், கால் பங்கு கூட்டிப் போடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் விதைக்கவே வேண்டாம். முளைக்கும், ஆனால் வேர் பிடிக்குமுன் உறைபனி வந்துவிடும். துணைப்பயிராக வசந்தத்தில் ஓட்ஸ், இலையுதிர் காலத்தில் குளிர்காலக் கோதுமை. உரம் போடாதீர்கள். தழைச்சத்து களைக்குத்தான் விருந்து.

முதல் இரண்டு வருடம்

இந்த வேலையில் அதிகமான நடவுகள் கெட்டுப்போவது விதையாலோ மழையாலோ இல்லை, முதல் வருடம் வெட்டாமல் விட்டதால். பிரெய்ரிச் செடி முதல் கோடையில் மேலே விரல் நீளம்தான் வளரும். சத்தெல்லாம் வேருக்குப் போகிறது. அதற்குள் ஃபாக்ஸ்டெயிலும் ராக்வீடும் இடுப்பளவு வளர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். களை ஒரு அடி உயர்ந்ததும் 4 முதல் 6 அங்குலத்துக்கு வெட்டுங்கள். அந்த உயரத்தில் கத்தி நாட்டுச் செடியைத் தொடாது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, செப்டம்பர் வரை. களை இரண்டடி தாண்டிய பிறகு வெட்டினால் விழும் தழை குவியலாகக் கிடந்து நாற்றை மூச்சுமுட்ட வைக்கும்; அதனால்தான் வரிசையாகக் குவிக்கும் ரோட்டரி வெட்டியைவிட நறுக்கித் தூவும் ஃபிளெயில் வெட்டி நல்லது. இரண்டாம் வருடம் பெரும்பாலும் ஜூனில் ஒரு வெட்டு போதும்.

முதல் ஜூலையில் நிலத்தைப் பார்த்தால் களை மட்டும்தான் தெரியும். வழியில் போகிற எல்லோரும் நடவு தோற்றுவிட்டது என்பார்கள். மண்டியிட்டு, ஒரு சதுர அடிக் கம்பிச் சட்டத்தைப் போட்டு, தழையை விலக்கிப் பாருங்கள். பிக் புளூஸ்டெம் நாற்றின் அடித்தண்டு சற்றுத் தட்டையாகவும் நுண்முடியோடும் இருக்கும். கனடா வைல்ட்ரை முதலில் வரும். பர்பிள் பிரெய்ரி குளோவரின் நாற்று நுண்ணிய இலைகளோடு இருக்கும், பார்த்துப் பழக வேண்டும். இப்படி இருபது முப்பது இடத்தில் எண்ணி, சராசரியாகச் சதுர அடிக்கு ஒரு நாட்டு நாற்று இருந்தால் நடவு பிழைத்தது. அதற்குக் கீழே போனாலும் இரண்டாம் ஜூனில் மறுபடி எண்ணாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உறங்கிய விதை இரண்டாம் வருடமும் முளைக்கும். இந்தக் கட்டத்தில் களையைப் பார்த்துப் பதறி அகல இலைக் களைக்கொல்லியைப் பரவலாக அடித்துவிட்டால், விலை கொடுத்து வாங்கிய பூச்செடி அத்தனையும் போய், எஞ்சுவது வெறும் புல்.

எங்கே வெட்டுவது, எப்போது

அயோவா சட்டத் தொகுப்பின் 314.17ஆம் பிரிவு, சாலையோரத்தை ஜூலை 15க்கு முன் வெட்டக்கூடாது என்கிறது; ஃபெசன்ட் போன்ற தரையில் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சுகள் வெளியேறும்வரை பொறுக்கும் ஏற்பாடு இது. விலக்குகள் உண்டு: குடியிருப்பு வீட்டிலிருந்து 200 கஜத்துக்குள், நகர எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள், பார்வைத் தடை நீக்க, தீய களையை அடக்க, நாட்டுச் செடி நடவை வளர்க்க. முதல் வருட வெட்டு கடைசி விலக்கில் வருகிறது. அக்கம்பக்கத்தார் கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும். சாலைத் தோளை, அதாவது வண்டித் தடத்தின் ஓரப் பட்டையை, ஒட்டி ஒரு வெட்டு அகலமும் சந்திப்பு முக்கோணங்களும் தவிர, மற்ற இடங்களில் வெட்டுவதைக் குறைப்பதே நல்ல மேலாண்மை.

வெட்டி முடித்து அடுத்த சாலைக்குப் போகுமுன் வெட்டியின் மேல்தளத்தையும் அடியையும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். வைல்ட் பார்ஸ்னிப், டீசல் (teasel) என்ற களைகள் கவுண்டி முழுக்க ஒரே நேர்க்கோட்டில் பரவியிருப்பதைப் பார்த்தால், விதை எந்த வண்டியில் சவாரி செய்தது என்று சொல்லத் தேவையில்லை.

களையும் தெளிப்பும்

அயோவாவில் சாலையோரத் தெளிப்புக்கு மாநில வேளாண் துறையின் உரிமம் வேண்டும். பிரிவு 6, அதாவது சாலை எல்லை நிலம். உரிமம் வாங்கிய பிறகு முதலில் கற்க வேண்டியது அளவு பார்ப்பது.

கையில் பிடித்து மருந்தடிக்கும் தெளிப்பானுக்கு எளிய வழி ஒன்று உண்டு. 18.5 அடி பக்கமுள்ள சதுரம் குறியுங்கள். இது ஏக்கரில் 128இல் ஒரு பங்கு. வெறும் தண்ணீரை வழக்கமான வேகத்தில் அதன் மேல் அடித்து நேரம் பாருங்கள். அதே நேரத்துக்கு வாளியில் பிடியுங்கள். வாளியில் எத்தனை அவுன்சோ, ஏக்கருக்கு அத்தனை காலன். ஒரு காலனில் 128 அவுன்ஸ் இருப்பதால் கணக்கு நேராகப் பொருந்துகிறது. 30 அவுன்ஸ் வந்தால் ஏக்கருக்கு 30 காலன், 100 காலன் தொட்டி மூன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல் வரும். ஏக்கருக்கு 7 அவுன்ஸ் மருந்து என்றால் தொட்டிக்கு சுமார் 23 அவுன்ஸ். ஆள் மாறினால் நடைவேகம் மாறும், அளவும் மாறும். ஆளுக்கொரு முறை சோதிக்க வேண்டும்.

கனடா திஸ்ல் முள்செடிக்கு அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி நன்றாக வேலை செய்யும். மொட்டு விடும் நேரத்திலோ, இலையுதிர் காலத்தில் தரையொட்டிய இலைக்கொத்தாக இருக்கும்போதோ அடியுங்கள். இலையுதிர் காலத்தில் செடி மாவுச்சத்தை வேருக்கு இறக்கும்போது மருந்தும் கூடவே இறங்கும். ஆனால் அதே மருந்து அவரை இனத்தையும் சூரியகாந்தி இனத்தையும் சேர்த்தே கொல்லும், பிரெய்ரிப் பூக்களில் பாதி இந்த இரண்டில்தான். ஆகவே திஸ்ல் கொத்தை மட்டும் குறிவைத்துத் தெளிப்பதே வழி. இன்னொன்று: அந்த இடத்துப் புல்லை வைக்கோலாக வெட்டி மாட்டுக்குப் போட்டால் மருந்து சாணம்வரை போய், அந்த எரு விழும் காய்கறித் தோட்டத்தில் தக்காளி சுருண்டுபோகும். பள்ளத்துப் புல்லை வெட்டும் விவசாயியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வைல்ட் பார்ஸ்னிப் ஒருமுறை பூத்துச் சாகும் செடி. குறைவாக இருந்தால் மண்வெட்டியால் மண்ணுக்கு ஒன்றிரண்டு அங்குலம் கீழே வேரை வெட்டினால் கதை முடிந்தது. அதிகம் என்றால் பூத்தபின், விதை முற்றுமுன் வெட்ட வேண்டும். விதை முற்றிய பிறகு வெட்டுவது, காசு கொடுத்து விதைத்ததற்குச் சமம். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பும், தழும்பு பல மாதம் போகாது. முழுக்கை, கையுறை, கண்ணாடி கட்டாயம். டிரிம்மர் எந்திரத்தால் அதை வெட்டவே கூடாது, சாறு முகத்தில் தெறிக்கும். ஸ்வீட் குளோவரும் இரண்டு வருடச் செடிதான். எரிப்புக்குப் பிறகு கூட்டமாக முளைக்கும் என்பதை முன்பே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

புதர் வேலையைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். வெட்டிய அடிக்கட்டையில் தண்ணீர் கலந்த மருந்தைச் சில நிமிடத்துக்குள் தடவ வேண்டும். தாமதித்தால் வெட்டு வாய் மூடிக்கொள்ளும். எண்ணெயில் கலந்த டிரைக்ளோபிர் எஸ்டர் களைக்கொல்லியை, 20 முதல் 25 சதவீதம், ஆறு அங்குலத் தடிமனுக்குக் கீழான தண்டில் வெட்டாமலே அடித்தண்டின் 12 முதல் 15 அங்குலம் சுற்றிலும் அடித்தால் போதும். பனி மூடியிருந்தால் மருந்து அடிக்குச் சேராது. அதே எஸ்டரைக் கோடையில் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாளில் எடுக்காதீர்கள், ஆவியாகிப் பக்கத்து வயலுக்குப் போகும்.

காற்று மணிக்கு 3 முதல் 10 மைல் இருக்கும்போது தெளியுங்கள். காற்றே இல்லாத விடியற்காலை பாதுகாப்பு என்று தோன்றும். அப்போதுதான் குளிர்ந்த காற்றடுக்குக்குள் நுண்துளி மிதந்து அரை மைல் தள்ளி இறங்கும். திராட்சைத் தோட்டமும் தேனீப் பெட்டியும் எங்கே என்று டிரிஃப்ட்வாட்ச் வரைபடத்தில் காலையிலேயே பாருங்கள். ஒவ்வொரு நாளும் காற்றின் திசை, வேகம், வெப்பம், மருந்து, அளவு, இடம் எல்லாம் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து வரும் புகாருக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

எரிப்பு

மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எரித்தால் புதர் அடங்கும், பழைய காய்ந்த தழை நீங்கும். ஒரே வருடம் ஒரு மைலை முழுக்க எரிக்காதீர்கள். தண்டிலும் காய்ந்த தழையிலும் குளிர்காலம் கழிக்கும் பூச்சிகளுக்கு மூன்றில் ஒரு பங்காவது விட்டுவையுங்கள்.

சாலையோர எரிப்பில் நெருப்பைவிட ஆபத்து புகை. வேகமாக வரும் வண்டி புகைக்குள் நுழைந்தால் விபத்து நிச்சயம். அதனால் போக்குவரத்து குறைந்த ஜல்லிச் சாலைகளில் தொடங்குங்கள். புகை சாலையை விட்டு விலகி வயலின் பக்கம் போகும் காற்றைத் தேர்ந்தெடுங்கள், அந்த வயல் உழுது வெறுமையாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 30 முதல் 60 சதவீதம், காற்று நிலையாக மணிக்கு 5 முதல் 15 மைல், வெப்பம் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ். காற்று நிலையில்லாமல் திசை மாறினால் 8 மைல்கூட அதிகம். இரு முனையிலும் எச்சரிக்கைப் பலகையும் கொடிக்காரரும் நிற்க வேண்டும். ஷெரிஃப் அலுவலகத் தகவல் மையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் காலையிலேயே சொல்ல வேண்டும். மின்கம்பத்தையும் தொலைபேசிப் பெட்டியையும் சுற்றி முந்தின நாளே வெட்டி, அன்று நனைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பெட்டி ஒன்று உருகினால் தெருவே இணைப்பு இழக்கும்.

எரியும் எண்ணெயைச் சொட்டித் தீ வைக்கும் டிரிப் டார்ச்சுக்கு மூன்று பங்கு டீசல், ஒரு பங்கு பெட்ரோல். பெட்ரோல் கூடினால் தீ கைக்கு அடங்காது. காற்று போகும் பக்கத்து வேலியோரம் முதலில் பின்னோக்கி எரியும் மெல்லிய தீ வைத்து, பத்துப் பதினைந்து அடி கருக்கிய பட்டை கிடைத்த பிறகுதான் மற்றதைப் பற்றவைக்க வேண்டும். அவசரத்தில் சாலைப் பக்கத்திலிருந்து தொடங்கினால் முழுத் தீயும் காற்றோடு வேலியை நோக்கி ஓடும். முடிந்ததும் மரக்கம்பம், பழைய வேலித்தூண், உலர்ந்த சாணம் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். மறுநாள் காலையும் ஒரு முறை.

சாலையும் அண்டைவீட்டாரும்

கவுண்டிச் சாலைகள் பலவற்றில் எல்லை நிலம் விவசாயியின் சொத்து. சாலைக்கு அதில் பயன்பாட்டு உரிமை மட்டும்தான். ஆகவே பள்ளத்தைச் சோளத்தோடு சேர்த்துத் தெளிப்பதும், வைக்கோலுக்கு வெட்டுவதும், வரப்பைச் சாலைவரை நீட்டுவதும் நடக்கும். முதல் தடவை நோட்டீஸ் அனுப்புவதைவிட வீட்டுக்குப் போய்ப் பேசுவது பலன் தரும். அனுமதி தேவைப்படும் காரியங்களைக் கையில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். நடவு செய்த இடத்தில் ஒரு சிறிய பலகை நட்டால், களைக்காடு என்று வரும் தொலைபேசிப் புகாரில் பாதி குறையும். தோண்டுமுன், நிலத்தடிக் குழாயும் கம்பியும் எங்கே என்று குறித்துத்தரும் 811 எண்ணுக்கு அழைத்து 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு ஏக்கர் அல்லது அதற்கு மேல் மண் கிளறினால் மாநில இயற்கைவளத் துறையின் மழைநீர் அனுமதியும் வேண்டும்.

வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு உயிரியல், வனவியல், இயற்கைவள மேலாண்மை போன்ற பட்டம் உதவும். ஆனால் ஆட்களை எடுப்பவர்கள் கூர்ந்து பார்ப்பது வேறு சிலவற்றை. பிரிவு 6 தெளிப்பு உரிமம், ஹைட்ரோசீடர் லாரி ஓட்டக் கனரக வாகன உரிமம், தொட்டி பெரிதென்றால் அதற்கான கூடுதல் அனுமதி, எரிப்புக்கு எஸ்-130, எஸ்-190 அடிப்படைப் பயிற்சிகள், சங்கிலி வாள் பயிற்சி. இவற்றில் இரண்டு மூன்றாவது கையில் இருந்து, சரிவில் டிராக்டர் ஓட்டத் தெரிந்து, இருபது நாட்டுப் புல் பூக்களை நாற்றுப் பருவத்திலேயே அடையாளம் காண முடிந்தால் நேர்காணலில் முன்னால் நிற்பீர்கள். பெரும்பாலோர் கோடைக்கால உதவியாளராகத்தான் உள்ளே வருகிறார்கள். அந்த இடங்களுக்கான அறிவிப்பு பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வந்துவிடும். மே மாதம் தேடத் தொடங்கினால் அந்த வருடம் போய்விட்டது.